காமாலைக் கட்டிலிலிருந்து எழுந்த புரொபசர்

ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீ வைகுண்டம் என்று பெயர் வைத்தவனை நம்பலாமா என்று நான் முதல் நாளே கேட்டேன். "பேர்ல என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி லலிதாம்பாள். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. ஹோட்டலுக்குப் பட்டினி விலாஸ் என்று எவனாவது பெயர் வைப்பானா? ஆனால் என் பேச்சை யார் கேட்டார்கள்? நானே கேட்கவில்லை.

காரணம் என் அடிவயிறு. ஹைதராபாத்தில், மல்லாபூரில் ஃபேன் செய்கிற கம்பெனியில் இரும்பு தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. டாக்டர்கள் அதை ஹெர்னியா என்கிறார்கள். இருமினால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். படுத்தால் உள்ளே போய்விடும். அதை வைத்துக்கொண்டு குடம் தூக்க முடியாது, பஸ்ஸில் தொற்ற முடியாது, பத்து வார்த்தை சத்தமாகச் சண்டை போட முடியாது. கடைசியில் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணியே ஆகணும். இல்லேன்னா ஒரு நாள் குடல் சிக்கிக்கும், உயிருக்கே ஆபத்து" என்றார்கள். சரி, பண்ணுங்கள் என்றேன். வரிசை நீளம், தீபாவளி கழித்து வாருங்கள் என்றார்கள். எந்தத் தீபாவளி என்று கேட்டேன். ஜன்னலில் இருந்த ஆள் சிரிக்கவில்லை, அதனால் அவன் நிஜமாகவே யோசிக்கிறான் என்று புரிந்தது. ஹைடெக் சிட்டி பக்கம் கண்ணாடி வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே கதவு திறந்துவிடுகிற ஆளே என் கல்யாணச் சட்டையைவிட நல்ல சட்டை போட்டிருக்கிறான். உள்ளே போவானேன்?

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு இருதயராஜ் வந்தான். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவன். மெட்டுகுடாவில் எங்கள் சந்து முழுக்க ரயில்வே ஆட்கள், நான் ஒருவன்தான் ஃபேன். இருதயராஜுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, உடம்பு கருங்கல். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவனில்லை.

"அண்ணா, உங்க ஆபரேஷனுக்கு வழி பிறந்தாச்சு. இனாம்!"

"இனாம்னா எனக்கு வேணாம்."

"ஏன் வேணாம்? முழுசாக் கேளுங்க. அவுட்டர் ரோடு போடறாங்கல்ல, அதுக்கும் அந்தாண்ட ஒரு மெடிக்கல் காலேஜ். டெல்லிலேர்ந்து கமிட்டி வருது. கட்டில் எல்லாத்துலயும் நோயாளி இருந்தாத்தான் காலேஜுக்குப் பர்மிஷன். நாம போய்ப் படுத்துக்கணும். பர்மிஷன் கிடைச்சா, படுத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஆபரேஷன் ஃப்ரீ."

"உனக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?"

"எனக்கு எதுக்கு? மத்தியானம் பிரியாணி போடறாங்க."

லலிதாம்பாள் உள்ளேயிருந்து சொன்னாள்: "போயிட்டு வாங்களேன். இங்கயும் படுத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. அங்க போய்ப் படுத்தா உபயோகமாவது உண்டு."

சும்மா போய்ப் படுக்க முடியாது, அதற்கு டிரெய்னிங் உண்டு என்று பிறகு தெரிந்தது. டிரெய்னிங் அமீர்பேட்டில். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கோச்சிங் கட்டடத்தின் மாடிப்படியில் கால் வைத்ததுமே ஒருவன் என் கையைப் பிடித்து ஜாவாவா என்றான். இன்னொருவன் மறு கையைப் பிடித்து ஆரக்கிளா என்றான். நோயாளி கோர்ஸ் என்று சொன்னோம். "தர்ட் ஃப்ளோர், அங்கிள்" என்று விட்டுவிட்டான். அவன் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

மேலே எங்களைப் போல ஒரு ஹால் நிறைய ஆட்கள். சேர்மன் வெங்கடரத்னம் வந்து தெலுங்கில் பேசினார். முதலில் கோழிப் பண்ணை வைத்திருந்தாராம். பிறகு இந்தக் கம்ப்யூட்டர் கோச்சிங். இப்போது மெடிக்கல் காலேஜ். அவர் பேச்சு தமிழில் இப்படி வரும்:

"கோழிப் பண்ணையில் நான் கற்ற பாடம், கூண்டு காலியாக இருக்கக் கூடாது. கோச்சிங் சென்டரில் கற்ற பாடம், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. இப்போது கட்டில். பாடம் ஒன்றுதான். இந்த நாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சம் என்கிறார்கள். என்னிடம் கட்டடம் தயார், பையன்கள் தயார், பையன்களின் அப்பாக்கள் அவர்களுக்கும் முன்னாலேயே தயார். ஒன்று மட்டும் குறைகிறது, நோயாளி. ஏன் குறைகிறது? ஜனங்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை! ஒரு டாக்டரை உருவாக்குவதற்காக ஒரு நாள் சீக்காக இருக்கக்கூட ஆள் வருவதில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்களை நான் பேஷண்ட் என்று சொல்ல மாட்டேன். ஃபவுண்டர் பேஷண்ட் என்று சொல்வேன்."

இருதயராஜ் கைதட்டினான். நான் தட்டவில்லை. கூண்டுக் கோழிக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று சேர்மன் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பாடம் எடுத்தவன் கிருஷ்ணகுமார் என்கிற கோயம்புத்தூர்ப் பையன். காலையில் சாஃப்ட்வேர், மாலையில் நாங்கள். காலை வகுப்பில் எழுதியதை அழிக்காமல் அதன் மேலேயே எங்களுக்கும் எழுதினான்.

"முனகறதுல மூணு வெர்ஷன் இருக்குதுங்க. டாக்டர் இல்லாதப்ப லேசா. டாக்டர் வந்தா நல்லா வயித்துலேர்ந்து. கமிட்டி வந்தா முனகவே கூடாதுங்க. ஏன், சொல்லுங்க பாக்கலாம்?"

அவனே பதிலும் சொன்னான்:

"நம்ம காலேஜ் வைத்தியத்துல குணமாயிட்டு வர்றோம்னு அர்த்தம்ங்க!"

எனக்கு ஹெர்னியா என்று எழுந்து சொன்னேன். கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"ஹெர்னியாக் கட்டில் ஃபுல்லுங்க ஐயா. அதை இருதயராஜ் ஐயாவுக்குக் குடுத்தாச்சுங்க. உங்களுக்குக் காமாலை."

"ஏம்பா, ஹெர்னியா எனக்குத்தானே இருக்கு? அவனுக்கு ஒண்ணுமே இல்லியே?"

"அதனாலதானுங்க அவருக்கு. நெசமா சீக்கு இருக்கறவங்களப் போட்டா ரிஸ்க்குங்க. கமிட்டி ஏதாச்சும் கேட்டா உள்ளதைச் சொல்லிப்போடுவாங்க. அது புஸ்தகத்தோட ஒத்துப் போகாதுங்க."

"என் கண்ணு மஞ்சளா இல்லியே?"

"மூடிக்கோங்க. மத்த எடத்துக்கு மஞ்சள் பூசிக்கலாங்க."

கடைசியில் பரீட்சையும் வைத்தான். இருதயராஜ் முனகியதில் பக்கத்து ஹாலில் ஜாவா படித்துக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவன் ஃபர்ஸ்ட் கிளாஸ். நான் ஃபெயில். "ஐயா, நீங்க கேள்வி கேக்கறீங்க. நோயாளிக்கு வேண்டிய குணமே உங்ககிட்ட இல்லீங்களே" என்றான் கிருஷ்ணகுமார். அதற்கப்புறம் இரக்கப்பட்டு பாஸ் போட்டுவிட்டான். காமாலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கமிட்டி வருகிற அன்று காலையில் எங்கள் சந்து முனைக்கே பஸ் வந்தது. ஊரைத் தாண்டி, பாறைகளைத் தாண்டி, பிளாட் போட்டு நட்ட கல்லையெல்லாம் தாண்டிப் போனால் வைகுண்டம். பெரிய கட்டடம். லிஃப்ட் இருக்கும் இடத்தில் லிஃப்ட்டின் கதவு மட்டும் இருந்தது. கட்டில் மெத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், படுத்தால் சரசரவென்று சத்தம் போட்டன. நர்சிங் படிக்கிற பெண்கள் வந்து எனக்கு நெற்றி முதல் கால்வரை மஞ்சள் பூசினார்கள். அதுதான் அவர்களுக்கு முதல் செய்முறை வகுப்பாம். ஒரு பெண் மிகவும் பயபக்தியோடு பூசினாள். எனக்கு ஆரத்தி மட்டும்தான் எடுக்கவில்லை.

கண்ணை மூடிக் காமாலையாகக் கிடந்தேன். திடீரென்று வராந்தாவில் ஓட்டம், கத்தல். ஒரு கண்ணைத் திறந்தேன். விஷயம் இதுதான். நோயாளிகள் பஸ்ஸில் வந்த மாதிரியே டாக்டர்களும் இன்னொரு பஸ்ஸில் வர வேண்டும். இந்தக் காலேஜில் புரொபசர் என்று பெயர் போட்டிருக்கிறவர்கள் எல்லாம் வேறு வேறு ஊரில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறார்கள். கமிட்டி வருகிற அன்று மட்டும் வந்து கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த டாக்டர் பஸ் கர்னூல் ரோட்டில் ஆக்ஸில் உடைந்து நிற்கிறது. கமிட்டியின் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது.

சேர்மன் கட்டில் கட்டிலாக வந்தார், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. என் கட்டில் முன் நின்றார்.

"கண்ணாடி போட்டிருக்கிறார். முறைக்கிறார். யாரையும் நம்பாத முகம். இவர்தான் சர்ஜரி புரொபசர். டிபார்ட்மெண்டுக்கே தலைவர். எழுப்பு!"

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"என்ன தெரிய வேண்டும்? டாக்டர்கள் உங்களிடம் என்ன சொல்வார்கள்? அதையே திருப்பிச் சொல்லுங்கள்."

"எங்கிட்ட எந்த டாக்டரும் ஒண்ணும் விளக்கிச் சொன்னதே கிடையாது."

"அதுதான் புரொபசர்!" என்றார் சேர்மன்.

"என் ஆபரேஷன்?"

"கமிட்டி ஓகே சொன்னால் மறுநாளே. சொல்லாவிட்டால் இந்த ஆஸ்பத்திரியே இல்லை. உங்கள் வயிறு உங்கள் கையில்."

கோட்டை மாட்டிவிட்டார்கள். மஞ்சள் கழுவக் கழுவப் போகவில்லை. யாராவது கேட்டால் புரொபசர் இப்போதுதான் பூஜை முடித்து வந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் சேர்மன். என்னைப்போல இன்னும் சில கட்டில்களும் டாக்டர்களாக எழுந்தன. காலியான கட்டில்களில் வாட்ச்மேன், டிரைவர், தோட்டக்காரன் எல்லோரும் படுத்தார்கள். தோட்டக்காரனுக்கு என் காமாலை போனது. அவன் மண்வெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் படுத்தான்.

டெல்லி கமிட்டி என்பது ஒரே ஒரு பெரியவர். கையில் இன்ச் டேப். வார்டுக்குள் வந்ததும் நோயாளியைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே டேப்பை நீட்டி அளந்தார். "சரியாக இருக்கிறது" என்று முகம் மலர்ந்தார். ஜன்னலை அளந்தார். வாஷ்பேசின் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். இவருக்கு டாக்டர் வேலையைவிடத் தச்சு வேலை நன்றாக வந்திருக்கும். அவர் பின்னால் காலேஜ் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டும் நோட்டுமாக வந்தார்கள். பிள்ளைகள் மட்டும் நிஜம். பாவம், என்னைப் பார்த்து குட் மார்னிங் சார் என்றார்கள்.

"புரொபசர் சாப், இந்தக் காமாலைக்கு என்ன வைத்தியம்?" என்று தோட்டக்காரனைக் காட்டி ஹிந்தியில் கேட்டார் பெரியவர்.

எனக்குத் தெரிந்த ஹைதராபாத் ஹிந்தியில் சொன்னேன்: "டீயைக் குறைக்கணும். உப்பைக் குறைக்கணும். அடுத்த வாரம் வந்து காட்டணும்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கட்டில் டைஃபாய்டு. "டீயைக் குறைக்கணும். உப்பைக் குறைக்கணும். அடுத்த வாரம் வந்து காட்டணும்." எழுதிக்கொண்டார்கள். அடுத்தது கால் முறிவு. ஒரு பையன், "கால் முறிவுக்கு ஏன் சார் உப்பு?" என்று கேட்டான்.

"கேள்வி கேக்காதே" என்றேன்.

பெரியவர் தலையாட்டினார். "நல்ல கட்டுப்பாடு. நான் படித்த காலேஜ் ஞாபகம் வருகிறது."

இப்படியே இருதயராஜ் கட்டிலுக்கு வந்தோம். தலைமாட்டில் ஹெர்னியா என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. என்னைக் கோட்டோடு பார்த்ததும் அவனுக்கு வாய் பிளந்துவிட்டது.

"அண்ணா, இது என்னண்ணா வேஷம்?"

"வாயை மூடிக்கிட்டுப் படு. எனக்குப் பிரமோஷன்."

"நோயாளி என்ன சொல்கிறார்?" என்றார் பெரியவர். அவருக்குத் தமிழ் வராது.

"வலி பரவாயில்லைங்கறார்."

"இருமச் சொல்லுங்கள்."

இருதயராஜ் இருமினான். இருமல் பிரமாதம். கீழே ஒன்றும் வரவில்லை.

"வீக்கம் எங்கே?"

"காலையிலதான் உள்ளே தள்ளிவிட்டோம்" என்றேன். எனக்கு அது தினமும் செய்கிற வேலைதானே.

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்ல கேஸ். இன்னும் உங்கள் ஆபரேஷன் தியேட்டரை அளக்கவில்லை. இவரையே இப்போது எடுத்துச் செல்லுங்கள். ஆபரேஷனையும் பார்த்துவிடுகிறேன்."

"சரி சார், உடனே!" என்றார் சேர்மன்.

தள்ளுவண்டி வந்தது. இருதயராஜ் கட்டிலின் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நக்கோ சாப்! வேணாம்! எனக்கு ஒண்ணுமில்ல சாப்! அண்ணா, சொல்லுங்கண்ணா!"

"எல்லா நோயாளியும் இப்படித்தான் சொல்வார்கள்" என்றார் பெரியவர் கனிவாக.

நான் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் வயிறு பிழைக்கும். ஆனால் இருதயராஜின் வயிற்றைக் கிழிப்பார்கள். கிழிக்கப் போவது யார்? நான். நான் பூசணிக்காயே நேராக வெட்ட மாட்டேன் என்று லலிதாம்பாள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சேர்மன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். தட்டிவிட்டேன். ஆபரேஷன் போனால் போகட்டும்.

"சாப், ஹெர்னியா இவனுக்கு இல்லை. எனக்குத்தான்" என்று கோட்டைத் தூக்கி, வேட்டியைத் தளர்த்தி இருமிக் காட்டினேன். எலுமிச்சம்பழம் வெளியே வந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். டேப்பை எடுத்து அதையும் அளந்தார். பிறகு நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

"பாருங்கள்! ஆசிரியர் என்றால் இவர் ஆசிரியர். மற்ற காலேஜில் புரொபசர்கள் பாடத்தைப் புத்தகத்தில் காட்டுகிறார்கள். இவர் தன் உடம்பிலேயே கொண்டுவந்திருக்கிறார். வாருங்கள், எல்லோரும் தொட்டுப் பாருங்கள்!"

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு அமுக்கு. இதுவரைக்கும் அவர்கள் பார்த்த முதல் நிஜமான நோய் என்னுடையதுதான் போலிருக்கிறது. வர்ஷினி என்கிற பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேங்க்யூ சார்" என்று அழுதேவிட்டாள். திட்ட மனம் வரவில்லை.

"அப்ப இவனை விட்டுடலாம்ல?" என்று இருதயராஜைக் காட்டிக் கேட்டேன்.

"அது எப்படி?" என்றார் பெரியவர். "கட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நோய். நோயாளியின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தால் மருத்துவம் எங்கே போய் நிற்கும்? வண்டியைத் தள்ளுங்கள்."

தள்ளினார்கள். இருதயராஜ் மாதாவை, அந்தோணியாரை, அதற்கப்புறம் ரயில்வே யூனியன் தலைவரையும் கூப்பிட்டான். தியேட்டர் கதவில் பூட்டு. சாவியைத் தேடிக் கடைசியில் பூட்டை உடைத்தார்கள். கதவைத் திறந்தால், உள்ளே ஆபரேஷன் மேஜையைக் காணோம். தரையிலிருந்து கூரைவரை பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள். அமீர்பேட் சென்டரில் புதுசு வாங்கியபோது பழையதையெல்லாம் இங்கே அடைத்திருக்கிறார்கள்.

"இது என்ன?" என்றார் பெரியவர்.

சேர்மனுக்கு வியர்த்தது. ஆனால் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் விற்றவன் அவ்வளவு சுலபமாகத் தோற்பானா?

"கம்ப்யூட்டரைஸ்டு ஆபரேஷன் தியேட்டர், சார்."

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இவ்வளவா? டெல்லியிலேயே எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் கிளார்க் சீட்டு விளையாடுகிறான். இதில் எது ஆபரேஷன் செய்யும்?"

"எல்லாம் சேர்ந்து சார். நெட்வொர்க்."

"அப்படியானால் ஆரம்பியுங்கள்."

"இன்றைக்கு சர்வர் டவுன் சார்" என்றார் சேர்மன்.

அந்த ஒரு வார்த்தையில் பெரியவர் அடங்கிவிட்டார். ரயில் டிக்கெட் எடுக்கப் போன இடத்திலெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பார் போல. சர்வர் டவுன் என்றால் அதற்கு மேல் கடவுளும் கேட்கக் கூடாது. இருதயராஜ் தள்ளுவண்டியிலிருந்து குதித்து, பிரியாணிகூட சாப்பிடாமல் ரோட்டுக்கு ஓடினான். "பேஷண்ட் டிஸ்சார்ஜ்" என்றான் எங்களை பஸ்ஸில் கூட்டிவந்த கிருஷ்ணகுமார்.

போகும்போது பெரியவர் பேசினார்: "நான் எத்தனையோ காலேஜ் பார்த்திருக்கிறேன். சில இடத்தில் டாக்டர் உண்டு, நோயாளி இல்லை. சில இடத்தில் நோயாளி உண்டு, டாக்டர் இல்லை. இங்கே இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாத அளவுக்குச் சமமாக வைத்திருக்கிறீர்கள். ஒரே குறை, வாஷ்பேசின் ஒரு அங்குலம் உயரம். அதைச் சரி செய்துவிடுங்கள்."

பர்மிஷன் வந்துவிட்டது.

செய்தி கேட்ட மறுநாளே மாற்று வேட்டி, சொம்போடு வைகுண்டத்துக்குப் போனேன். சேர்மன் எழுந்து கை கொடுத்தார். இனிப்பு கொடுத்தார். ஆபரேஷன் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"நோயாளிகளுக்குத்தான் சார் இனாம். நீங்கள் ஸ்டாஃப். டெல்லி ஆர்டரில் உங்கள் பெயர் சர்ஜரி புரொபசர் என்று ஏறிவிட்டது. இனி யாராலும் மாற்ற முடியாது."

"சரி, ஸ்டாஃபுக்கு ஆபரேஷன் கிடையாதா?"

"உண்டே! டிபார்ட்மெண்ட் தலைவர்தான் செய்ய வேண்டும்."

"தலைவர் யாரு?"

"நீங்கள்தான் சார்."

"என் வயித்தை நானே கிழிச்சிக்கணுமா?"

"உங்களுக்குக் கீழே வேறு யாரையாவது நியமித்து அவரைச் செய்யச் சொல்லலாம். நியமிக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆள்தான் இல்லை" என்றார். பிறகு என் போட்டோ ஒட்டிய ஒரு அட்டையைக் கயிறோடு கழுத்தில் மாட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். போட்டோவில் கொஞ்சம் மஞ்சளாகவே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றி வீசினேன். சத்தம் போடக் கூடாது என்பதையும் மறந்து ஒரு மூச்சு திட்டினேன். எலுமிச்சம்பழம் வெளியே வந்தது, இந்தத் தடவை படுத்தும் உள்ளே போகவில்லை. தொட்டால் உயிர் போகிற வலி. லலிதாம்பாள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்த நேரத்திலும் குனிந்து அந்த அட்டையை எடுத்தாள்.

"இதைக் கழுத்துல மாட்டுங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பொய் அட்டைடீ அது."

"டெல்லிக்காரனே நிஜம்னுட்டான். நீங்க யாரு பொய்யிங்கறதுக்கு?"

இருதயராஜ் ஆட்டோ கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியின் உள்ளே வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டான். வாசலிலேயே நின்றுகொண்டான்.

தீபாவளி கழித்து வரச் சொன்ன அதே ஜன்னல். அங்கே இருந்த ஆள் அட்டையைப் பார்த்தான், எழுந்து நின்றான். தள்ளுவண்டி ஓடி வந்தது. டாக்டரும் ஓடி வந்தார். ராஜீவ் என்று பெயர், சேலத்துப் பக்கத்துப் பையன். தூங்கி எத்தனை நாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், நீங்க சர்ஜரி ஹெச்.ஓ.டி.யா? நீங்க போய் இங்க..."

"நான் புரொபசர் இல்ல தம்பி. ஃபேன் கம்பெனி."

"என்ன சார் அடக்கம்!" என்றார் அவர். "உங்க காலேஜ்லயே பண்ணியிருக்கலாமே?"

"அங்க எனக்கு ஆபரேஷன் பண்ண ஆள் இல்ல."

"புரியுது சார். உங்க லெவலுக்கு அங்க யாரும் இல்லை."

உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் எவனும் நம்ப மாட்டான். விட்டுவிட்டேன். வலி வேறு.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கினார்கள். நடுவே ஒரு துணியைக் கட்டினார்கள். நான் முழித்துக்கொண்டேதான் கிடந்தேன். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜீவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "கத்தி வைக்கறேன் சார்." "குடல் நல்லாயிருக்கு சார், தப்பிச்சோம்." "உள்ளே அனுப்பறேன் சார்." எல்லாவற்றுக்கும் ம் என்றேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"சார், ஓட்டையை அடைக்க வலை வைக்கலாமா, வெறும் தையல் போதுமா? உங்க வழக்கம் எப்படி?"

டீயைக் குறை, உப்பைக் குறை என்று இப்போது சொன்னால் அதையும் கேட்டுத் தொலைப்பான். என் வயிறு திறந்து கிடக்கிறது.

"தம்பி, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ங்க."

அந்தப் பக்கம் கத்தியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. கையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார். இத்தனை வருஷத்துல எந்த புரொபசரும் என்கிட்ட இப்படிச் சொன்னதே இல்லை." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழாதீங்க தம்பி. கையைக் கவனிங்க."

நன்றாகத்தான் தைத்தார். இன்றைக்கு வரைக்கும் அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது. சத்தமாகவே சண்டை போடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ராஜீவ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இங்க வேலை முறிக்குது. உங்க காலேஜ்ல என்னை மாதிரி ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

நல்ல பையன். என் உயிரைக் காப்பாற்றியவன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தாராளமா வாங்க. நியமிக்கற அதிகாரம் எனக்கு இருக்காம். ஆனா அங்க வந்து டாக்டராத்தான் இருப்பேன்னு அடம் பிடிக்கக் கூடாது. கமிட்டி வர்ற அன்னிக்கு எதுக்கு ஆள் குறையுதோ, அதுவா இருக்கணும்."

ராஜீவ் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு குற்றத்தைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "சார், நான் பத்து வருஷம் நிஜமாவே படிச்சிருக்கேன்."

"பரவாயில்ல தம்பி" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். "அங்க அதையெல்லாம் யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."